காரணம் என்ற கட்டம்

மாசி கடைசி. பண்ணைக்காட்டில்
காப்பி அள்ளி முடிந்த களத்தை
நாளுக்கு எண்ணூறு என்று பேசி
போர்வெல் வண்டியை ஏற்றி நிறுத்தினோம்.
கம்ப்ரசர் இருமுகிறது. சுழல்தலையில் எண்ணெய் கசிகிறது.
பங்குனி பிறந்தால் மலை முழுக்கத் தண்ணீருக்குக் கூப்பிடும்.
திருச்செங்கோட்டிலிருந்து முதலாளி ராமியண்ணன்
ஒரே கேள்விதான் கேட்டார்:
"எத்தனை நாள் படுக்கப் போடுவீங்க?"
வண்டி நின்றாலும் தவணை நிற்காது.

என் வேலை நேரம் எழுதுவது.
ஸ்பேனரைத் தொட்டால் ஆறுச்சாமிக்குக் கோபம் வரும்.
போன வருஷத்து நோட்டைக் கூட்டிப் பார்த்தேன்.
பதினோரு நாள் நின்றிருக்கிறது.
அதில் இரும்பில் கை பட்டது
நாலு நாள்கூட இல்லை.
மிச்சமெல்லாம் காத்திருப்பு:
வத்தலக்குண்டு பஸ்ஸில் வரவேண்டிய சீலுக்கு,
வந்த சீல் அளவு தப்பித் திரும்பிப் போனதற்கு,
செயின் பிளாக் வைத்திருந்தவர் மச்சினன் கல்யாணத்துக்கு,
கரண்ட்டுக்கு,
இந்த நட்டு எங்கே இருந்தது என்று
நாலு பேர் நின்று யோசித்த
ஒரு முழு மத்தியானத்துக்கு.

ஆகவே இந்தத் தடவை
முதலில் காத்திருப்பைப் பிரித்தோம்.
ஒரு மாதம் முன்பே,
வண்டி ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே,
ஆறுச்சாமி அடியில் படுத்து அளவெடுத்தார்.
சீல், பேரிங், ஹோஸ் எல்லாம் மலையேறி
என் கட்டிலுக்கடியில் கிடந்தன.
ஒவ்வொன்றையும் வெர்னியர் வைத்துப் பார்த்தேன்.
மூன்று தப்பு.
திரும்பிப் போய்விட்டு வந்தன; யாருக்கும் அவசரமில்லை.
பழைய வண்டியின் சுழல்தலையைச் செப்பனிட்டுத்
தார்ப்பாயில் சுற்றி வைத்தோம்:
இதைக் கழற்று, அதை மாட்டு,
கழற்றியதை வைகாசியில் பார்க்கலாம்.

போல்ட்டுகளுக்கு முட்டை அட்டை.
தமிழ் படிக்கத் தெரியாத புத்ராம் ஒராவ்
குழிக்குக் குழி நெயில் பாலிஷில் பொட்டு வைத்தான்.
நீலம் மாஸ்ட், சிவப்பு கம்ப்ரசர்,
என் மகளிடம் கெஞ்சி வாங்கிய ரோஸ்
ஹைட்ராலிக்.
கழற்றிய நட்டு வாஷருக்கும் அதே பொட்டு.

மூன்றாம் நாள் பனி இறங்கி
ஹாலோஜன் வெளிச்சம் நகராமல் நின்றது.
கை எது ஸ்பேனர் எது தெரியவில்லை.
அப்படியும் வேலை ஓடியது, குரலாலேயே.

ஐந்தாம் நாள் இரவு ஒன்பதரை.
மூடி மாட்டியாயிற்று. எண்ணெய் ஊற்றியாயிற்று.
களம் பெருக்கிய விளக்குமாற்றில்
ஒரு வாஷர் உருண்டது.
பொட்டு இல்லை.

"ஒரு வாஷர்தானுங்க" என்று தொடங்கிய ஆறுச்சாமி
அந்த 'ங்க' முடிவதற்குள்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
ஐந்து நாள் என்று முதலாளிக்குச் சொன்னது நான்.
ஊத்தில் ஒரு தோட்டத்தில் புள்ளி குறித்து
எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"திறங்க" என்றேன்.
யாருக்கும் கேட்கவில்லை.
இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது.

எண்ணெயை டிரம்மில் இறக்கினோம்.
குழிக்குக் குழி, பொட்டுக்குப் பொட்டு
பட்டியலை நான் வாசிக்க, புத்ராம் தொட்டுத் தொட்டு
"ஹை, ஹை" என்றான்.
விடிய நாலரை.
ஒன்றும் குறையவில்லை.

ஆறு மணிக்கு வாடகை வாங்க வந்த சவரியம்மா
என் உள்ளங்கையைப் பார்த்தாள்.
"அட, நம்ம பல்ப்பர் மிஷினோடது!
தையிலிருந்து தேடுறேன்."
எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

நோட்டில், எட்டு மணி நேரம் என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
காத்திருப்பு என்று போட வரவில்லை,
வேலை என்று போடவும் கூச்சமாக இருந்தது.
பேனாவை மூடி வைத்தேன்.

முதலாளி கூப்பிட்டார். ஐந்தரை நாள் என்றேன்.
"அந்த அரை நாள் எதுக்கு?"
அந்நேரம் புத்ராம் சாவியைத் திருப்பினான்.
இருமல் இல்லை.
அந்தச் சத்தத்தில் நான் என்ன சொன்னேன்,
அவருக்கு என்ன கேட்டது, தெரியாது.

கடைக்காரர் பையன் வந்து நிற்கிறான்.
முட்டை அட்டை முப்பதையும்
திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் வாங்கியிருந்தோம்.