கார்புரேட்டர் தவிர

"எல்லாம் ஒரிஜினல்தானா?"
மலாயில் கேட்கிறார் பினாங்கிலிருந்து வந்த கியோவ்.
கார்புரேட்டர் தவிர, என்கிறேன்.
குனிந்து அடியில் டார்ச் அடிக்கிறார்.

பாடாங் செராய், சந்தைக்குப் பின்னால் என் பட்டறை.
மோரிஸ் எய்ட், முப்பத்தேழாம் வருஷம்.
கிராண்டில் முதல் பெயர் விட்டேக்கர்.
தோட்டத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை,
சின்னத் துரை என்றார்கள்.
பதவியும் அதுதான், ஆளும் அவ்வளவுதான்.
ஐந்தடி இரண்டங்குலம் இருந்தால் அதிகம்.

எனக்கு எப்படித் தெரியும்?
போட்டோ கிடையாது. டிரைவர் சீட் இருக்கிறது.
அவன் முன்னால் இழுத்து வைத்த இடத்திலேயே
துருப்பிடித்து நின்றுவிட்டது.
பிறகு ஓட்டியவர்கள் எல்லாரும்
அவன் காலளவுக்கு மடங்கினார்கள்.
ஆஸ்பத்திரி டிரெசர் தேவசகாயம், ஆறடி,
ஸ்டீயரிங்கில் முட்டியை இடித்துக்கொண்டே
பதினோரு வருஷம் பிரசவம் பார்க்கப் போனார்.
மீன்காரத் தவுக்கே பின்சீட்டைப் பிடுங்கி
ஐஸ் பெட்டி வைத்தார்
(மழை பெய்தால் இன்னும் வாடை வரும்),
முன்சீட்டை அவராலும் அசைக்க முடியவில்லை.
அப்பா முந்நூறு வெள்ளிக்கு வாங்கியபோது
உள்ளே கோழி அடைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கப் பழகினான் சின்னத் துரை.
ஒருநாள் தோட்டத்துக்கு மேல் தாழப் பறந்தான்.
பால் சுமந்து வந்தவர்கள் மிரண்டு
வாளியோடு கொட்டிவிட்டார்கள்.
மறுநாள் பெரட்டில் வந்து நின்று
தொப்பியைக் கழற்றி,
"கொட்டுன பால், காசு இருக்கு" என்றானாம்.
அவன் பேசியதில் எங்களிடம் மிஞ்சியது
இந்த நாலு சொல்தான்.
டிரெசர் அப்பாவிடம் சொன்னது.

நாற்பத்தொன்று டிசம்பர்.
தெற்கே வரச் சொல்லி உத்தரவு.
லாரியில் ஏறுமுன் சாவியைக்
காத்தமுத்து கையில் வைத்தான்.
கார் கழுவுகிற பையன், வயது பத்தொன்பது.
ஜப்பான்காரனுக்குக் கிடைக்கக் கூடாது, கொளுத்திவிடு.
காத்தமுத்துவுக்கு மனசு வரவில்லை.
தான் கழுவிய கார்.
கார்புரேட்டரைக் கழற்றி எண்ணெய்த்துணியில் சுற்றி
பால்மர நிரையில் எங்கேயோ புதைத்தான்.
வந்தவர்கள் தள்ளிப் பார்த்தார்கள்,
உதைத்துப் பார்த்தார்கள்,
விட்டுவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரியில் துரை
துப்பாக்கி இல்லாத ஒரு பயிற்சி விமானத்தில்
கடலுக்கு மேலே போனான்.
எந்தக் கடல் என்று
அக்காள் எழுதிய கடிதத்தில் இல்லை.
சிங்கப்பூரில் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது.
போய்ப் பார்த்தேன்.
அவ்வளவு குட்டையான ஆளின் பெயரை
அண்ணாந்துதான் படிக்க வேண்டியிருந்தது.

காத்தமுத்துவை நாற்பத்து மூன்றில்
சயாமுக்கு ரயில் போட ஏற்றிக்கொண்டு போனார்கள்.
எத்தனையாவது நிரை, எந்த மரம்,
யாரிடமும் சொல்லிவிட்டுப் போக நேரம் கொடுக்கவில்லை.
அவனுக்குக் கல் இல்லை.
எஞ்சினில் ஓர் உள்ளங்கை அளவு காலி இடம்.
அதில் வேறெந்த வண்டியிலோ கழற்றியதைக்
கம்பி கட்டிப் பொருத்தினார் டிரெசர்.
அதனால்தான் காலையில் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பும்.
நான் சரி பண்ணவில்லை.

பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள்.
செம்பனையை வெட்டித் தாமான் கட்டினார்கள்.
இப்போது யார் வீட்டுக் குசினிக்கு அடியிலோ
அந்த எண்ணெய்த்துணி.

கியோவ் ஏறி உட்காருகிறார். நல்ல உயரம்.
முட்டி இடிக்கிறது.
"இது பின்னால் போகாதா?"
"போகாது. துரு."

போகும்.
போன மாதம் எண்ணெய் விட்டுத் தட்டியதில்
ஒரு விரற்கடை அசைந்தது.
யாரையோ எழுப்பிவிட்டவன் போலப் பதறி
திரும்ப முன்னால் தள்ளி வைத்தேன்.

"கால் வலிக்குமே, விலையைக் கொஞ்சம் பாருங்கள்" என்கிறார்.

ஐந்நூறு குறைத்தேன்.