இரண்டு திருத்தம் இலவசம்

சாமத்தியவீட்டுப் படங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
எடுத்தது தம்பியின் சிநேகிதன்,
கமரா இரவல், கை மட்டும் சொந்தம்.
"அல்பம் அடிக்க முன்னம் துப்புரவாக்குங்கோ" என்று
ஸ்காபரோ மச்சாள் காசு போட்டாள்.
ஆரிடம் கொடுப்பதென்பது
என் தலையில்.

மல்லாவியில் எங்கள் வளவுக்குள்
சிக்னல் ஒரு கோடுதான் நிற்கும்.
வவுனிக்குளத்துக் கட்டில் ஏறினால் மூன்று.
அங்கே நின்றுதான் தெரிவு செய்தேன்,
ஒரு கையில் போன்,
மறு கையால் நுளம்படித்தபடி.

முதலாவது இலவசம்.
ஏழு விநாடியில் வேலை முடிந்தது.
தர்மிகாவை வெள்ளையாக்கி,
கன்னத்தை அரித்த மாப்போலச் செய்து,
கேட்காமல் கழுத்தையும் நீட்டி,
நகைக்கடை விளம்பரத்துப் பிள்ளை ஒன்றை
என் பிள்ளையின் சேலைக்குள் வைத்து அனுப்பியது.

இரண்டாவது மாதச் சந்தா.
மூன்று நாள் சும்மா, பிறகு
எப்படி நிறுத்துவதென்று எங்கேயும் எழுதவில்லை.
கெட்டிக்காரச் சாமான்தான்.
சுவரின் ஈரம் போனது,
தறப்பாளின் கிழிசல் போனது,
பின்னால் படுத்திருந்த எங்கள் வீமன்
குரைக்காமலே போனான்.
பிள்ளையின் தோளில்
இவருடைய இடக்கை இருந்தது.
அதில் ஐந்து விரல்.

எண்ணிப் பார்த்தேன்.
பெரிதாக்கித் திரும்ப எண்ணினேன்.
மூன்று விரலோடு எனக்குத் தாலி கட்டிய கை,
மூன்று விரலால் கிளச் பிடித்து
லாண்ட்மாஸ்டர் ஓட்டும் கை.
நகமும் வைத்திருந்தார்கள்.
நகத்தில் கொஞ்சம் வெளிச்சமும்.

காட்டாமல் விட்டிருக்கலாம்.
காட்டினேன்.
எஞ்சினை நிறுத்தாமல் வாங்கிப் பார்த்தார்,
பிறகு நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
கனநேரம்.
"நல்லாத்தான் செய்திருக்கிறான்" என்றார்.
"ஆனா இது ஆற்றையோ விரல்.
என்ர சின்னவிரல் வளைஞ்சது.
மாங்குளத்தில சைக்கிளால விழுந்து
பன்னிரண்டு வயசில முறிஞ்சது,
அது முதலே கோணல்தான்."

பதினைந்து வருசம் ஒரு பாயில் படுத்தும்
அந்தக் கோணல் எனக்குத் தெரியாது.
அது போன பிறகுதான்
நான் வந்தேன்.

மூன்றாவதில் ஆட்கள் இருக்கிறார்களாம்.
படத்துக்கு நாற்பது ரூபா,
இரண்டு திருத்தம் இலவசம்.
பார்ப்பம் என்று ஒன்றை மட்டும் அனுப்பினேன்.
ஏழு விநாடி போனது, ஒரு பகல் போனது,
ஒரு சத்தமுமில்லை.
மச்சாளுக்குச் சொல்ல
நல்ல பொய்யொன்று தேடிக்கொண்டிருக்கையில்
மறுநாள் இரவு செய்தி வந்தது.

"அக்கா, நான் ஷியாமிலி, உங்கட படம் என்னட்டத்தான்.
பிள்ளையின்ர நிறத்தைத் தொடேல்ல,
வெளிச்சம் மட்டும் கூட்டினனான்.
நாடியில ரெண்டு பரு,
அது தானாப் போறதுதானே, எடுக்கிறன்.
புருவத்துக்கு மேல தழும்பு போகாது,
அதால கேட்டுப்போட்டுச் செய்வம் எண்டு விட்டனான்.
அண்ணையின்ர கை எப்பிடி?"

ஷியாமிலி எந்த ஊரோ, என்ன வயதோ.
எந்த மேசையில், எந்த விளக்கில்
எங்கள் பந்தலைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு
சாப்பிடாமல் இருக்கிறாளோ.
"எப்பிடி" என்ற சொல்லுக்கு
கட்டில் நின்று மூன்று தரம் எழுதி
மூன்று தரமும் அழித்தேன்.
கடைசியில்,
"தழும்பு பள்ளிக்கூடப் படியில விழுந்தது, இருக்கட்டும்.
கையும் கையா இருக்கட்டும்.
நாயை மட்டும் எடுங்கோ."

"சரி அக்கா" என்றாள்.
பூப்படம் இல்லை, கும்பிடும் கையும் இல்லை.
அந்த வெறும் சரியை நம்பி
மிச்சம் முந்நூற்றுப் பதினொன்றையும் அனுப்பினேன்.

எட்டாம் நாள் எல்லாம் வந்தன.
வியர்வை துடைத்திருந்தது,
தறப்பாள் தைத்திருந்தது,
பிள்ளை பிள்ளையாக இருந்தாள்.
வீமனும் இல்லை.
கதிரைக் காலுக்குப் பின்னால்
அவன் வால்நுனி மட்டும்,
ஒரு பெருவிரல் நீளம்,
அப்படியே கிடக்கிறது.

தர்மிகாதான் கண்டுபிடித்தாள், சிரித்தாள்.
"திருத்தச் சொல்லு, காசு குடுத்ததுதானே"
என்கிறார் இவர்.
சொல்லலாம்.
இரண்டு திருத்தமும்
இன்னும் கையில் இருக்கிறது.