வீட்டுக்காரர்

தொட்டித் தண்ணீர்தான் முதலில் சொன்னது.
ராத்திரி ஒன்பதுக்கு நிரப்பினால்
காலை ஆறு வரை தாங்கும்.
வியாழன் மட்டும்
நாலு மணிக்கே குழாய் இருமியது.

மாடியில் இரண்டு அறை.
ஒன்றில் மௌனிகா, நாயுடுபேட்டைக்காரி.
தடாவுக்கு அந்தப் பக்கம் கம்பெனியில்
செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறாள்.
இன்னொன்றில் பொன்னேரிப் பெண்கள் இருவர்.
எல்லோருக்கும் ஒரே தாள், என் கையெழுத்தில்:
வாடகை ஐந்தாம் தேதி.
காயில் ஹீட்டர் கூடாது.
சொல்லாமல் ஆள் தங்கக் கூடாது.
எனக்குத் தெலுங்கு எழுத வராது.
மூன்றாவதை மட்டும் வாயால் சொல்லி
விரலை ஆட்டினேன்.
சரேம்மா என்று சிரித்தாள்.

சாவடியில் பதினோரு வருஷம் சீட்டு எழுதியவள் நான்.
தார்ப்பாயைத் தூக்காமலே
வெங்காயமா, வெங்காயத்துக்கு அடியில் வேறெதுவுமா என்று
லாரி நிற்கிற நிலையிலேயே சொல்வேன்.
என் படியில் ஏறும் சரக்கு எனக்குத் தெரியாதா?

நாலு வியாழன் பொறுத்தேன்.
வாடகை ஒழுங்கா வருது, கண்டுக்காதே என்றார் இவர்.
நாளைக்கு ஏதாவது ஆனா
போலீஸ் உன் பேரைத்தான் எழுதும் என்றாள் எதிர்வீட்டு ரத்தினாபாய்.
இரண்டும் நியாயம்.
அதனால்தான் தூக்கம் போனது.

ஐந்தாம் வியாழன்
மோட்டார் சுவிட்சுக்குக் கீழே
முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.
கொசு.
சென்னைக்குப் போகும் லாரி, நெல்லூருக்குப் போகும் லாரி.
நாலு இருபதுக்கு இறங்கினான்.
ஷூ இரண்டும் கையில், ஹெல்மெட் கக்கத்தில்.
கடைசிக்கு முந்தின படி ஆடும்.
அதைத் தாண்டிக் கால் வைத்தான்.

ஆள் வந்ததுகூட இல்லை,
என் வீட்டின் ஆடும் படி
அவன் காலுக்குப் பழகியிருந்தது பாருங்கள்,
அதுதான் எனக்கு ஆத்திரம்.

லைட்டைப் போட்டேன்.
மௌனிகா தலைவிரி கோலமாய் ஓடிவந்தாள்.
யாருடி இது?
மா ஆயன என்றாள்.
புரிந்தது. புரியாதவள் போல நின்றேன்.
தமிழில் தேடினாள், எச்சில் விழுங்கினாள்,
கடைசியில் கிடைத்தது:
"வீட்டுக்காரர்."
"இந்த வீட்டுக்கு வீட்டுக்காரர் நான்தான்டி!"

முதலில் சிரித்தது அவன்தான், பாவி.
அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை.

பேர் பெஞ்சலய்யா.
கூடூர்ப் பக்கம் இறால் குளங்களுக்குத் தீவனம் ஏற்றும் வண்டி.
வியாழன்தான் இந்தப் பக்கம் லோடு.
கல்யாணமாகி ஏழு மாசம்.
கல்யாணமானவள் என்றால் இங்கே அறை கிடைக்காது என்று
புரோக்கர் சொல்லியிருக்கிறான்.
நான் அப்படிச் சொன்னேனா?
சொன்னேன்.
கைக்குழந்தையோடு ஒரு ஜோடி வந்தபோது,
தண்ணீரைக் காரணம் காட்டி.

கல்யாண போட்டோ காட்டு என்றேன்.
கேட்டதற்கு இப்போதும் கொஞ்சம் கூசுகிறது.
கேட்காமல் விட்டிருந்தாலும் கூசியிருக்கும்.

தாளைக் கொண்டுவரச் சொல்லி
மூன்றாவதன் கீழே இடுக்கி எழுதினேன்:
ஆதார் நகல் ஒன்று. வியாழன் மட்டும்.
தண்ணீருக்கு மாதம் நூறு.
எழுதாமல் சொன்னது:
கேட்டைச் சத்தமாத் திற.
ஷூவைப் போட்டுக்கிட்டு இறங்கு.
திருடன் மாதிரி ஒரு புருஷன்
என் படியில இறங்கக் கூடாது.

மாடிக் கம்பியில் சாய்ந்து
பொன்னேரிப் பெண்கள் எல்லாம் கேட்டுவிட்டார்கள்.
விடிந்ததும் தில்ஷாத் வந்தாள்:
ஆன்ட்டி, சனிக்கிழமை எங்க சிநேகிதி ஒருத்தி...
பார்க்கலாம் என்றேன்.
என்னத்தைப் பார்ப்பது என்று
எனக்கே தெரியவில்லை.

இந்த வியாழன், ஒன்பதரை.
கேட் கிறீச்சிட்டது.
ஆடும் படியை வேண்டுமென்றே அழுத்தி மிதித்தான்.
இவர் புரண்டு படுத்து, யாரு? என்றார்.
வீட்டுக்காரர் என்றேன்.
ஹ்ம் என்று தூங்கிப்போனார்.
நான் எழுந்துபோய்
மோட்டாரை இன்னும் கால் மணி
ஓடவிட்டேன்.