முப்பது மைக்ரான் உயரத்தில்

தூண் என்றதும் கோயில் தூணை நினைத்துக்கொள்ளாதே.
இது அறுபது மைக்ரான் உயரம். குறுக்கே முப்பது.
ஒரு தகட்டில் நாற்பது நிற்கின்றன
பேட்டையில், லேத்துப் பட்டறைக்கும் அப்பளக் கம்பெனிக்கும் நடுவே
ஏசி போட்ட ஒற்றை அறையில்.

ஆனிக் காற்று வேறு.
சன்னல் இடுக்கில் துணி திணித்தாயிற்று.
சேரன்மகாதேவி ரோட்டில் எம்-சாண்ட் லாரி போனால்
திரையில் கோடு நடுங்கும்.
ஆகவே சோதனை எல்லாம் ராத்திரி பத்துக்கு மேல்தான்.

ஊசியை நகர்த்துகிறேன்.
அது தூணின் தலையைப் பக்கவாட்டில் தொடுகிறது,
பஸ்ஸில் முழங்கையால்
'கொஞ்சம் தள்ளுங்க' என்பதுபோல.

செவ்வாய்க்கிழமைத் தகட்டுத் தூண்கள்
அரைப் பவுன் பாரம் தாங்கி, பிறகு சாய்ந்தன.
ஒன்றுகூட ஒடியவில்லை.

வியாழக்கிழமைத் தகடு
மூக்குத்தி எடைக்கே போயிற்று.
சத்தம் கேட்டதாகச் சொல்ல ஆசை.
கேட்கவில்லை. கோடு மட்டும் செங்குத்தாக விழுந்தது.
ஒன்று, இரண்டு, ஒன்பது.

அதே பச்சைத் தொட்டி.
அதே நிக்கல், அதே சூடு,
சுகர்காரர் காபியில் போடுகிற சாக்கரின்கூட
அதே நாலு சிட்டிகை, அதே தராசு.

நுண்ணோக்கியில் பார்த்தேன்.
அடிக்கட்டைகள் எல்லாம் ஒரே உயரம்.
அரிவாளுக்கு அப்புறம் வயல் இருக்குமே,
அதைவிட ஒழுங்கு.
அடியிலிருந்து முப்பது மைக்ரான்.
மணிக்குப் பன்னிரண்டு மைக்ரான் வளர்கிற உலோகம்;
ஒரு மணிக்குத் தொட்டியில் இறக்கியது.
மூன்றரைக்கு என்ன நடந்தது?

மூன்றரைக்கு கரண்டு போனது.

"ஏழு நிமிசந்தாங்க்கா" என்றான் முப்பிடாதி.
"டீசல் தீந்துட்டு. பங்குக்குப் போய்ட்டு ஓடியாந்துட்டேம்லா."
ஜெனரேட்டர் நோட்டில் எப்சிபா கையெழுத்து:
பத்தொன்பது.
இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்,
நான் தூணைக் கேட்டுச் சொல்வேன் என்று.

கரண்டு நின்ற நேரத்தில் நிக்கல் சும்மா இருக்காது.
மேலே மெல்லிசாய் ஒரு தோல் போர்த்திக்கொள்ளும்.
திரும்ப வந்த கரண்டு அந்தத் தோலின் மேல்தான் கட்டியது,
கீழே இருப்பதைத் தொடாமலே.

ஆனால் தோல் எத்தனை நிமிடத்தது என்று
ஒடிந்த இடம் சொல்லவில்லை.
ஏழோ பத்தொன்பதோ, அதற்கு ஒரே கோடு.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'நின்றது' என்று எழுதினேன்.
'எவ்வளவு நேரம்' கட்டம் காலி.

முப்பிடாதி கேனைக் கழுவிக் கவிழ்த்தான்.
மறுநாள் இரண்டு கேன் இருந்தது.