செல்லாக்காசு

கூடலூர் பஜாரில் சூசைமாணிக்கம்
ஆணியை உதட்டில் கவ்வியபடி கேட்டார்:
"ஓட்ட போட்டா காசு செல்லாதே, பரவால்லயா?"
போடாவிட்டாலும் செல்லாது அது.
இலங்கைப் பத்துச் சதம், நான்கு.
பூவிதழ்போல் நெளிந்த விளிம்பு.
ராமேஸ்வரத்தில் இறங்கிய அன்று
அப்பா மாற்ற மறந்ததோ, மனமில்லாமல் வைத்ததோ,
தைலடப்பாவில் ஐம்பது வருடம் கிடந்தது.

மகனின் பள்ளிக்கூட ஷூ எனக்குக் கச்சிதம்.
முன்னால் ஒன்று, குதிகாலில் ஒன்று.
எதற்கு என்றார். டேப் டான்ஸ் என்றேன்.
சுவரில் தொங்கிய இஞ்சி டேப்பை ஒருமுறை பார்த்துவிட்டு
நூற்றிருபது வாங்கிக்கொண்டார்.

தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டு மாடியில்
ஓரமாகக் கொஞ்சம் மரப்பலகைத் தரை உண்டு.
இரண்டு கோடு சிக்னல் கிடைப்பதும் அங்கேதான்.
ஞாயிறு இரவு, விசிறிகள் ஓய்ந்த பிறகு,
முழங்காலைத் தளர்த்து என்கிறாள் திரையில் ஒருத்தி.
ஈரக்கையை உதறுவதுபோல் கணுக்காலை உதறு.
முன்பாதத்தால் தரையைத் தள்ளு, திரும்ப இழு.
இரண்டு சத்தம். அதன் பெயர் ஷஃபிள்.
எனக்கு ஒன்றுதான் வருகிறது,
அதுவும் மாடு இடறியதுபோல்.

இருபத்திரண்டு வருடம் சரிவிலேயே நின்ற கால்
சமதரையை நம்ப மாட்டேன் என்கிறது.
கொழுந்து எடுக்கையில் விரலால் மண்ணைக் கவ்வணும்,
கவ்வாவிட்டால் கூடையோடு ஓடையில் கிடப்போம்.
கவ்வாதே, விடு என்கிறாள் இவள்.
எப்படி விடுவது என்று சொல்ல வரும்போது
வீடியோ நின்று சுற்றுகிறது,
சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வேறொரு வீடியோவில் கேட்டேன்:
அமெரிக்காவில் நெல்வயல் இருந்ததாம்.
கப்பலில் கட்டிக் கொண்டுபோன ஆப்பிரிக்கர்கள் நட்டார்களாம்.
அவர்கள் மேளம் வயல்விட்டு வயல் பேசியது.
பேச்சு துரைமாருக்குப் புரியவில்லை.
புரியாததில் பயம், பயத்தில் சட்டம்.
மேளத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
தொடை மிச்சம் இருந்தது. நெஞ்சு இருந்தது.
பலகையும் குதிகாலும் இருந்தன.
பிறகு அயர்லாந்தில் கிழங்கு அழுகி
பசியோடும் கட்டைச் செருப்போடும் வந்தார்கள் வேறு சிலர்.
ஒரே தெரு, ஒரே சாக்கடை.
இவன் காலை அவன் பார்த்தான், அவன் காலை இவன்.
யாரிடமிருந்து யார் எடுத்தது என்ற சண்டை
இன்னும் தீரவில்லையாம்.

எங்கள் மேளத்தை யாரும் பிடுங்கவில்லை.
சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.
விடியுமுன் லயத்து வாசலில் பிரட்டுத் தப்பு:
எழும்பு, எழும்பு, கணக்கப்பிள்ளை வந்தாச்சு.
சாகும்வரை அப்பாவுக்கு
கல்யாண வீட்டுத் தப்பு கேட்டாலும் வயிறு கலங்கும்.
போர்வையைத் தள்ளிவிட்டுத் துண்டைத் தேடுவார்.

தப்பு என்றால் மேளம்.
தப்பு என்றால் பிழை.
பிழை என்றால்
எப்படியாவது உயிரோடு இரு.
இதில் நடுவில் உள்ளதை மட்டும்
இப்போதைக்கு நான் குறையில்லாமல் செய்கிறேன்.

நாலாவது ஞாயிறு, வாட்ச்மேன் அவறான்
தகரத்தை அடித்தபடி மூச்சிரைக்க ஏறி வந்தார்.
"ஆனையா?"
டார்ச் என் முகத்தில் விழுந்து, ஷூவுக்கு இறங்கி, அங்கேயே நின்றது.
நிறுக்கும் இடத்தில் தினமும் பார்க்கும் ஆள்.
இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அவர் கை மட்டும் பழக்கத்தில்
தகரத்தை இன்னும் இரண்டு தட்டுத் தட்டியது.
அந்த இடைவெளியில், நான் கேட்காமலே,
கணுக்கால் உதறிக்கொண்டது.
டிக்-டிக்.
இரண்டு. சத்தியமாக இரண்டு.

மூன்றாவதுக்கு ஆசைப்பட்டு ஓங்கி மிதித்தேன்.
ஆணி விட்டு, காசு தெறித்து,
பலகைச் சந்தில் புகுந்து
கீழே உருட்டு மெஷின் பக்கம் எங்கேயோ விழுந்தது.

டார்ச்சோடு இரண்டு பேரும் முழங்காலிட்டுத் தேடினோம்.
தேயிலைத் தூசி, எலிப்புழுக்கை, ஒரு பழைய பொத்தான்.
நாளைக் காலை ஏழுக்கு மெஷின் ஓடும்.
"பத்துச் சதம்தானே, விடு" என்கிறார் அவறான்.
நான் கையை
இன்னும் உள்ளே விடுகிறேன்.