எந்த நெல்

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு
கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு
பதினோராவது டோக்கன் உட்கார்ந்திருக்கிறாள்.
"முட்டிக்கிட்டு வருதுங்க" என்கிறாள் என்னிடம்.
கதவுக்குப் பக்கத்தில் இருப்பதால்
எல்லோரும் என்னிடம்தான் சொல்வார்கள்.
ரிப்போர்ட் அடிப்பது, பில் போடுவது,
ஜெல் துடைக்கத் துணி கொடுப்பது என் வேலை.

மேட்டூர் திறந்து பதினாறு நாள்.
திருத்துறைப்பூண்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை.
ஆறு பெண்கள் முட்ட முட்டத் தண்ணீரோடு
தண்ணீர் வராததைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
நான் சிரிக்கவில்லை. பழகிவிட்டது.

பெயர் தையல்நாயகி. வயது முப்பத்தொன்று.
பிரசவம் இரண்டு, இரண்டும் ஆபரேஷன்.
தீட்டு நின்ற பிறகும் எட்டு நாள், பத்து நாள்
பழுப்பாகக் கசிகிறதாம்.
மூன்று வருஷமாக.

சூடு என்றார்கள், வெந்தயம் ஊறவைத்துத் தின்றாள்.
நாகூரில் மூன்று வியாழன் படுத்து எழுந்தாள்.
நாத்தனார் சொன்னது:
"நடவுக்கு வர வலிச்சா இப்படித்தான் கசியும்."
ஒரு நர்சிங் ஹோமில் சுத்தம் பண்ணி அனுப்பினார்கள்.
எதைச் சுத்தம் பண்ணினார்கள் என்று
இவள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.
நாலாயிரத்து ஐந்நூறு. தோடு அடகில் இருக்கிறது.

டாக்டர் ஷமீமா முதலில் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார்.
"போய் இருந்துட்டு வாம்மா, உள்ள வச்சுப் பாக்கணும்."
ஓடினாள். திரும்பி வந்தபோது
முகம் தெளிந்திருந்தது, கை மட்டும் நடுங்கியது.

திரையில் எல்லாமே சாம்பல்.
பத்து வருஷம் பார்த்தும் எனக்குப் பாதி புரியாது.
ஆனால் கறுப்பு தெரியும்.
கறுப்பு என்றால் நீர், இல்லாவிட்டால் ரத்தம்.
கருப்பையின் கழுத்துக்குச் சற்று மேலே
மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரு கறுப்பு முக்கோணம்.

"தையல் விட்டிருக்கு" என்றார் டாக்டர்.
தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து
"என்னங்க" என்றாள் அவள்.

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.
எல்லோருக்கும் திருப்புவதில்லை.
"ஆபரேஷன் பண்ணின இடம் சரியா ஒட்டல.
குழி விழுந்திருக்கு. மாசா மாசம் ரத்தம் அதுல தங்கி
அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வருது."
குழிக்கு வெளியே மிச்சமிருக்கும் தசையில்
இந்தக் கரையில் ஒரு கூட்டல் குறி, அந்தக் கரையில் ஒன்று.
இடையில் புள்ளிக்கோடு.
ரெண்டு மில்லிமீட்டர்.

"அப்ப நெசமாத்தான் இருக்கா?"
"இருக்கு."
"நான் சொன்னது?"
"நீ சொன்னதுதான்."

ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் வரும்.
பின்பக்கம் தமிழில் எழுதித்தரச் சொன்னாள்.
பேனாவால் எழுதினேன்.
அடுத்த பிரசவம் ஆபத்து, பெரியாஸ்பத்திரியில் காட்டவும்
என்று டாக்டர் சொன்னதையும் எழுதினேன்.
அடிக்கோடு நானாகப் போட்டது.

"ரெண்டு மில்லின்னா எவ்வளவுங்க?"
"ஒரு நெல்லு கனம் இருக்கும்."
"எந்த நெல்லு?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் ரேஷன் அரிசிக் குடும்பம்.
வெளியே பெஞ்சிலிருந்து பன்னிரண்டாவது டோக்கன்
கதவிடுக்கில் தலையை நீட்டி,
"பொன்னின்னா சன்னம். ஆடுதுறை முப்பத்தேழு குண்டு.
பாத்துச் சொல்லுங்க" என்றாள்.
"குண்டாவே இருக்கட்டும்" என்றது இன்னொரு குரல்.

தையல்நாயகி கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும்
இல்லாத நெல் ஒன்றின் மேல் வைத்து
மெல்ல நெருக்கிப் பார்த்தாள்.
"இதுதானா தாங்கிக்கிட்டிருக்கு" என்றாள்.

பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.
"வெயில் பட்டா அழிஞ்சிடும்" என்றேன்.
"அப்ப மூணு ஜெராக்ஸ் எடுக்கணும்.
திருப்பூர்ல அவருக்கு ஒண்ணு,
அந்த நர்சிங் ஹோமுக்கு ஒண்ணு."
மூன்றாவது யாருக்கென்று சொல்லவில்லை.

முந்தானையில் ஜெல் ஒட்டியிருந்தது.
சொல்ல வாயெடுப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.
"பன்னிரண்டு" என்று கூப்பிட்டேன்.
"எனக்குப் போயிடிச்சு" என்றாள் பன்னிரண்டு,
"மறுபடி குடிக்கிறேன், இருங்க."