மூன்றாம் வேற்றுமை

தேவகோட்டைக் கோர்ட்டில்
சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்கிறேன்.
பதினோரு வருஷம்.

வழக்கு இவ்வளவுதான்.
கண்டனூரில் பதினேழு பங்காளிகளுக்குப் பொதுவாய் ஒரு வீடு.
இரண்டாங்கட்டில் ஓர் அறை, யாரும் திறக்கக் கூடாதென்று பூட்டியது.
ஐப்பசி ஒன்பது இரவில் அந்தப் பூட்டு உடைந்தது.
இல்லை, தானாக எப்படி உடையும்?
உடைக்கப்பட்டது.
அதுவும் சரியில்லை, யாரோ ஒருவர்
வாக்கியத்துக்கு வெளியே நின்று கை கழுவுகிறார்.

வயிரவன் கூண்டேறினார்.
மழையைப் பற்றிக் கேட்டார்கள், அடைக்கப்பனைப் பற்றிச் சொன்னார்.
கடப்பாரையைப் பற்றிக் கேட்டார்கள்,
"அவன் புத்தி சின்னதிலேயே அப்படி."
"மலேயாவில் அவன் அப்பச்சி..." என்று தொடங்கியபோது
நீதிபதி கை காட்டி நிறுத்தினார்.

அடைக்கப்பனுக்கோ எல்லாமே மழை.
"வளவுல முழங்கால் தண்ணி ஐயா.
நாலு பக்கத்து ஓடும் நடுவுலதானே ஊத்தும்?
வடியிற மடை அந்த அறைக்குள்ள.
வீடு முழுகுனா எந்த மனுஷனும் என்ன செய்வான்?"
எந்த மனுஷனும் என்ற இடத்தில்
அடைக்கப்பன் என்ற மனுஷர் மெல்ல நழுவிவிட்டார்.
நான் தட்டிக்கொண்டே பார்த்தேன்.

உமையாள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள்.
"உள்ளே இருந்த பத்திரத்துக்காக."
பத்திரத்தைப் பார்த்தீர்களா?
"பார்க்கவில்லை. வேறு எதற்காக உடைப்பார்கள்?"

பூட்டுக்கடை நஜ்முதீனுக்கு மனிதர்களே தேவைப்படவில்லை.
"திண்டுக்கல் பூட்டுங்க, ஏழு லீவர்.
வளைச்ச கம்பி ஒண்ணு போதும், கால் மணி நேரம்.
கடப்பாரை எடுத்தது பூட்டுக்காக இல்லை."
பிறகு எதற்காக?
"அது என் கடையில் விற்கிறதில்லை ஐயா."

பள்ளியில் ஐ, ஆல், கு என்று
மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவள் நான்.
அடைக்கப்பனால், மழையால், கடப்பாரையால்:
மூன்றுக்கும் ஒரே உருபு.
அந்த ஒற்றை 'ஆல்' நிழலில்தான்
வக்கீல்கள் குடும்பம் நடத்துகிறார்கள்.
யார் எதன்மேல் அதை ஒட்டுகிறார் என்று கவனித்தால்
பூட்டைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை.
ஒட்டியவரைத் தெரிகிறது,
அவர் இரவில் எதற்கு விழித்துக்கொள்வார் என்பது வரை.

கடைசியாகக் காவல்காரர் சேவுகன்.
செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.
"நான்தான் உடைச்சேன்."
யார் சொல்லி?
வயிரவனைப் பார்க்கவில்லை. அடைக்கப்பனையும்.
"தண்ணிச் சத்தம் கேட்டுச்சு.
கடப்பாரை சாத்தியிருந்துச்சு.
அப்புறம் பாத்தா கதவு தொறந்திருக்கு."
நடுவில்?
வெகுநேரம் யோசித்தார்.
"நடுவுல நான் இருந்தேங்க."

யாரோ சிரித்தார்கள்.
நீதிபதி கண்ணாடியைத் துடைத்தபடி எனக்குச் சொன்னார்:
"சாட்சி தன் விருப்பப்படி பூட்டை உடைத்தார்."

தன் விருப்பப்படி என்று அந்த ஆள் சொல்லவில்லை.
விருப்பம் என்ற சொல்லே அந்த வாய்க்குள் போனதாகத் தெரியவில்லை.
நான் 'சாட்சி' அடித்தேன், 'பூட்டை உடைத்தார்' அடித்தேன்.

"பவுலின், படித்துக் காட்டுங்கள்."
படித்தேன்.
இரண்டு சொல் குறைந்ததை யாரும் தேடவில்லை.
சேவுகன் பெருவிரலை மையில் அழுத்தி
தாளில் வைத்து எடுத்து
வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நாளை என்னையே கூண்டில் ஏற்றினால்
சொல்லிக்கொள்ள எனக்கும் இருக்கிறது.
மத்தியானம் கரண்ட் இல்லை, ஒரே புழுக்கம்.
கீபோர்டில் 'வ' ஒட்டிக்கொள்ளும்.
என் அப்பா ஆலை வாட்ச்மேன், எதற்கும் கையெழுத்துப் போடுவார்.
சொல்லாததை எழுதுவதில்லை என்பது என் கொள்கை.
(போன மாதம் இன்னொரு வழக்கில் எழுதினேன்.)
எதை வைத்தாலும் பொருந்துகிறது.
சாவி தொலைந்த பூட்டுக்கு இத்தனை சாவிகள்.

காரைக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
எங்களுக்குச் சீட்டு இலவசம்தான்,
ஆனாலும் கண்டக்டர் கேட்டார், "எங்கம்மா?"
சொன்னேன்.
கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார்.
எதற்கு என்று கேட்கவில்லை.